பாஷா பாயின் தைராய்டு

அவசர சிகிச்சைப் பிரிவில் நான் சந்தோஷத்தில் கத்தியது என் பணிக்காலத்திலேயே ஒரு தடவைதான். அதுவும் ஒரு மனிதர் கண் முன்னால் சாகக் கிடந்தபோது. சுற்றி நின்றவர்கள் என்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அதைவிட அதிகமாக, மறுபடி ஒரு தடவை கத்த வேண்டும் போலவும் இருக்கிறது.

போன வாரம் இளம் மருத்துவர்களான உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். தொற்றா நோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர். "மேடம், வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தொப்பை, சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் ஒண்ணாவே வருது. மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு எழுதிட்டு அதே மாத்திரைங்கள எழுதி எழுதிக் கை வலிக்குது. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். நான் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. யோசிப்பதற்கு என்ன இருக்கிறதா! அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மார்கழி. தருமபுரியில் அந்த மாதத்துக் காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வார்டைப் பார்க்கலாம் என்று வந்துகொண்டிருந்தேன். அவசரப் பிரிவின் வாசலில் தக்காளி ஏற்றும் மினி லாரி ஒன்று வந்து நின்றது. பின்னால் காலிக் கிரேட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் சாக்கை விரித்து ஒரு பெரிய உடம்புக்காரரைப் படுக்க வைத்திருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். மழையே இல்லை.

"ஏன் இப்படி நனைஞ்சிருக்காரு?" என்று கேட்டேன்.

கூட வந்தவர் முனிராஜ். பாலக்கோடு பக்கத்தில் ஒரு தக்காளி மண்டியின் உரிமையாளர். "தெளியட்டும்னு ரெண்டு பக்கெட்டு தண்ணி ஊத்துனோங்க மேடம். காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டாரு போல. ஏலம் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நாக்கு குழறுச்சு, அப்படியே கிரேட்டு மேல சாஞ்சிட்டாரு. இப்ப எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கறாரு" என்றார்.

படுத்திருந்தவர் பெயர் சாதிக் பாஷா. ஐம்பதைத் தொட்டிருந்தார். முனிராஜின் மண்டியில் ஏலம் கூறுவது அவர் வேலை. மண்டியில் எல்லோருக்கும் பாஷா பாய். அவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து அவர் மனைவி ஷமீம் இறங்கி ஓடி வந்தார். வந்தவர் கணவரைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்தார்.

"அவங்க குடிக்கல டாக்டரம்மா. அல்லா மேல ஆணையா இதுவரைக்கும் தொட்டதில்ல. மோந்து பாருங்க. நீங்களே மோந்து பாருங்க."

புருஷன் பிழைப்பாரா என்றுகூட அவர் இன்னும் கேட்கவில்லை. முதலில் அந்தப் பழியைத் துடைக்க வேண்டியிருந்தது. அவர் சத்தமாகச் சொல்லச் சொல்ல முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டர் நிவேதா. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தார். சர்க்கரை பார்த்தார், சரியாக இருந்தது. ஆக்சிஜன் வைத்தார். குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சாராய வாடை இல்ல மேடம். பிரஷர், சுகர் ரெண்டும் இருக்கறவரு. ஸ்ட்ரோக்கா இருக்கும். தலை ஸ்கேனுக்கு அனுப்பட்டுமா?" என்றார். தப்பான கேள்வி இல்லை. நான்கூட அப்படித்தான் நினைத்திருப்பேன், அந்தத் தெர்மாமீட்டர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

நர்ஸ் அதை அவர் அக்குளில் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு உதறினார். "பேட்டரி போச்சுங்க மேடம். நம்பரே வரல" என்றார். எல், ஓ என்று இரண்டு எழுத்து மட்டும் காட்டியது. வேறொன்று கொண்டு வரச் சொன்னேன். அதிலும் அதே எல், ஓ. "இதுவும் போச்சுங்க" என்று மூன்றாவதை எடுக்கப் போனார்.

"நில்லுங்கம்மா" என்றேன்.

இரண்டு தெர்மாமீட்டருக்கும் ஒரே நேரத்தில் பேட்டரி போகுமா? இரண்டும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. எல், ஓ என்றால் 'லோ': இந்த மனிதரின் உடம்புச் சூடு தங்களால் அளக்க முடியாத அளவுக்குக் கீழே போய்விட்டது என்று. பாஷா பாயின் வயிற்றில் கை வைத்தேன். வேட்டிக்கு மேலே ஈரத்தைத் துடைத்த இடம்கூட, துணி மூடியிருந்த இடம்கூட, விடியற்காலைச் சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. பக்கெட் தண்ணீரால் மட்டும் இப்படி ஆகாது. உள்ளேயே அடுப்பு அணைந்திருந்தால்தான் ஆகும்.

அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. தொப்பையைப் பார்த்திருந்தேன், நாடியைப் பார்த்திருந்தேன். இப்போது பார்த்தால் கண்ணுக்குக் கீழே பை மாதிரி உப்பல். புருவத்தின் வெளிப்பாதி கிட்டத்தட்ட இல்லை. பல்லுக்கு நடுவில் அடங்காத தடித்த நாக்கு. காலில் வீக்கம், ஆனால் விரலால் அழுத்தினால் குழி விழவில்லை. இதயம் ரொம்ப நிதானமாக, வேண்டா வெறுப்பாக அடித்துக்கொண்டிருந்தது.

சுத்தியல் கேட்டேன். நிவேதாவிடம் அவருடைய முழங்காலை மடக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குதிகால் தசைநாணில் ஒரு தட்டு தட்டினேன். பாதம் சட்டென்று கீழே அசைந்தது. அதுவரைக்கும் சரி. அப்புறம்தான் அந்த அதிசயம். கீழே போன பாதம் திரும்பி வர மறந்துவிட்டது. ஆழக் கிணற்றிலிருந்து நிறைகுடத்தை ஏற்றுவது போல மெல்ல, மெல்ல, மெல்ல மேலே வந்தது. இன்னொரு தட்டு. அதே மாதிரி.

"நிவேதா, பாத்தீங்களா! பாதத்தப் பாத்தீங்களா!" என்று கத்தியேவிட்டேன்.

ஷமீம் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் அவர் பக்கம் திரும்பி, "இவருக்குக் குளிர் தாங்குமாம்மா?" என்று கேட்டேன்.

அந்த ஒரு கேள்விதான். அணை உடைந்த மாதிரி கொட்டினார்.

"குளிரா? ரெண்டு வருசமா வூட்ல ஃபேன் போட விடமாட்டாங்க. சித்திரை மாசத்துல கம்பளி போத்திப்பாங்க. எந்நேரமும் தூக்கம். கேட்டா ஒடம்பு குண்டு, குறட்டை, அதனால தூக்கம்னாங்க. காலு வலிக்குதுன்னா சுகர்னாங்க. நடங்கன்னாங்க. நாலு எட்டு வெச்சா காலு ரெண்டும் கல்லு கட்டுன மாதிரி இருக்குன்னு உக்காந்துடுவாங்க. கொழுப்பு எறங்கலன்னு மாத்திரையப் பெருசாக்குனாங்க. வலி இன்னும் அதிகமாச்சு. போன வாரம் சளி புடிச்சிச்சு. மெடிக்கல்ல ஒரு சிரப்பு வாங்கிக் குடிச்சாங்க. அன்னில இருந்து இன்னும் மந்தம்."

கேட்டீர்களா? அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. தூக்கமா, தொப்பை. வலியா, சர்க்கரை. கொழுப்பா, சாப்பாடு. பாஷா பாய் ஒரே இடத்தில் வைத்தியம் பார்த்தவரும் இல்லை. சர்க்கரைக்கு ஓரிடம், பிரஷருக்கு ஓரிடம், வலிக்கு மருந்துக் கடை. எல்லோரும் சொன்னது அவரவர் வரைக்கும் சரிதான். அவருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பெயர் அகலமானது. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும் சாக்கு மாதிரி. அதற்குள் இன்னொரு நோய் சத்தமில்லாமல் உட்கார்ந்து வளர்ந்திருந்தது.

நிவேதாவுக்குப் புரிந்துவிட்டது. கண் பெரிதானது. "தைராய்டா மேடம்? தைராய்டு குறைஞ்சு கோமாவுக்கே போறது, அதா? புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

"நானும் ரொம்பப் பாத்ததில்லம்மா. தைராய்டு குறைஞ்சாத்தான் பாதம் இப்படி மெதுவாத் திரும்பும்" என்றேன்.

இதற்குள் முனிராஜ் தன் போனை எடுத்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார். எங்களிடம் நீட்டினார். சில வருடங்களுக்கு முன் மண்டியில் எடுத்த வீடியோ. கிரேட்டுகளின் மேல் ஒரு ஆள் நின்றுகொண்டு, "நூத்தி இருவது, நூறா இப்பத்து, நூட இரவை" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே மூச்சில் விலையைப் பொரிந்துகொண்டிருந்தார். ஒட்டிய முகம், அடர்ந்த புருவம், கணீரென்ற குரல்.

"யாரு இது?" என்றார் நிவேதா.

"இவருதாங்க" என்றார் முனிராஜ். படுக்கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி படுக்கையைப் பார்த்தார். "கொஞ்சம் கொஞ்சமா மாறுனதால தெரியலீங்க மேடம். குரல் தடிச்சிச்சு, பேச்சு இழுத்துச்சு. ஒரு வருசமாவே குடிக்கறாருன்னுதான் நெனச்சோம். யாவாரிங்க எல்லாம் ஆளை மாத்துன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கி ஏலம் முடிஞ்சதும் அவருகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதுவரை துப்பறிகிற சுகம். இனிமேல்தான் பயம். நீங்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும்.

ரத்தத்தை எடுத்து அனுப்பியாயிற்று. தைராய்டு முடிவு வர மறுநாள் ஆகும். அதுவரை காத்திருந்தால் அவர் இருக்கமாட்டார். ஆகவே முடிவு கையில் இல்லாமல் வைத்தியம் தொடங்க வேண்டும். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்தப் பாதம் சொன்னதைவிடத் தெளிவாக எந்தக் காகிதமும் சொல்லப் போவதில்லை. முதலில் ஸ்டீராய்டு ஊசி போட்டோம். அட்ரீனல் சுரப்பியும் படுத்திருந்தால், வெறும் தைராய்டு மருந்து அந்த ஆளையே கவிழ்த்துவிடும்.

தயக்கம் தைராய்டு மருந்தின் அளவில் வந்தது. கோமாவில் இருப்பவருக்கு ஒரே தடவையில் பெரிய அளவு கொடு என்கிறது புத்தகம். ஆனால் புத்தகத்தில் படுத்திருப்பவருக்குத் தொப்பை இல்லை. பாஷா பாய்க்குப் பல வருடச் சர்க்கரை, பிரஷர், இறங்காத கொழுப்பு. இ.சி.ஜி.யில் கோடுகள் சின்னச் சின்னதாக இருந்தன. இதயத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று சந்தேகப்பட வைக்கும் மாற்றமும் இருந்தது. இவ்வளவு நாளாக இதயம் மெல்ல ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தது. திடீரென்று சாட்டையால் அடித்து ஓடு என்றால், அடைபட்ட குழாயை வைத்துக்கொண்டு எங்கே ஓடும்? நிறையக் கொடுத்தால் மாரடைப்பு. குறையக் கொடுத்தால் மயக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஹார்மோன் மருத்துவர் ஒருவரைப் போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு மேடம். எனக்குன்னா கொஞ்சமா ஆரம்பிக்கத் தோணுது. ஆனா நோயாளி உங்க கண்ணு முன்னால இருக்காரு, என் முன்னால இல்ல" என்றார். தட்டிக்கழிக்கிறாரோ என்று ஒரு நொடி கோபம் வந்தது. அடுத்த நொடி அது எவ்வளவு சரி என்று பட்டது.

புத்தக அளவில் பாதிக்கும் குறைவாகத் தீர்மானித்தேன். ஊசியாக எங்களிடம் இல்லை. மாத்திரையைப் பொடித்துக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குள் அனுப்பினோம். மூச்சு குறைந்தால் செயற்கைச் சுவாசத்துக்குப் போடத் தயாராக எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

அப்போது ஷமீம் எங்கிருந்தோ சுடுதண்ணீர் பை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கணவரின் காலடியில் வைக்கப் போனார். தாவிப் பிடித்தேன். "வேண்டாம்மா! வெளிய இருந்து சூடு குடுத்தா தோலுக்கு ரத்தம் ஓடிடும், உள்ள பிரஷர் விழுந்துடும். கம்பளி மட்டும் போதும்."

"தொட்டா ஐஸ் மாதிரி இருக்காங்களே டாக்டரம்மா. பாத்துக்கிட்டு சும்மா நிக்கறதா?"

"சும்மா நிக்கறதுதான் இப்ப கஷ்டமான வேலை. நானும் அதத்தான் செய்யறேன்."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

நிவேதா இரண்டு தடவை வந்து, "இன்னும் கொஞ்சம் குடுக்கலாமா மேடம்? எந்த மாற்றமும் இல்லையே" என்றார். எனக்கும் கை பரபரத்தது. கொடுத்துவிட்டால் ஏதோ செய்த நிம்மதி வரும். அந்த நிம்மதி எனக்குத்தான், அவருக்கு இல்லை. மத்தியானம் மானிட்டரில் திடீரென்று தாறுமாறாக நாலைந்து துடிப்புகள் ஓடின. நானும் நிவேதாவும் படுக்கைப் பக்கம் பாய்ந்தோம். தானாக அடங்கியது. இந்தச் சின்ன அளவுக்கே இதயம் இப்படித் துள்ளுகிறதென்றால் முழு அளவு என்ன செய்திருக்கும்? நிவேதா அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சாயங்காலம் நான் பக்கத்து வார்டில் இருந்தேன். பாஷா பாயை மாற்றியிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நர்ஸ் ஓடி வந்தார். ஓடி வருகிற நர்ஸைப் பார்த்தால் நாம் கெட்ட செய்தியைத்தான் எதிர்பார்ப்போம் இல்லையா? ஆனால் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நம்பர் காட்டுதுங்க மேடம்! தெர்மாமீட்டர்ல நம்பர் வந்துடுச்சு!"

நானும் ஓடினேன். அந்த வயதில், அந்த நடைபாதையில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மிகக் குறைந்த எண்தான். வேறு யாருக்கு வந்திருந்தாலும் பதறியிருப்போம். நாங்களோ பரீட்சை முடிவு வந்த பிள்ளைகளைப் போல ஆளுக்கு ஒரு தடவை அதை வாங்கி வாங்கிப் பார்த்தோம்.

மறுநாள் ரத்த முடிவு வந்தது. தைராய்டு படுத்தால் ஏறுகிற டி.எஸ்.எச். அளவு, இயந்திரத்தால் எண்ண முடிகிற எல்லையைத் தாண்டியிருந்தது. தைராய்டு ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதற்கும் அடுத்த நாள் காலையில் பாஷா பாய் கண் திறந்தார். மெதுவாக என்னைப் பார்த்தார். ஷமீமைப் பார்த்தார்.

"ஏலம்... முடிஞ்சிதா?" என்றார்.

ஷமீம் அப்போதுதான் அழுதார்.

அப்புறம் நடந்தது எல்லாம் ஒரு திருவிழா. சில வாரம் கழித்து அவர் வந்தபோது வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்து உப்பல் வடிந்திருந்தது. கால் வலி போயிருந்தது. அந்த வலிக்குப் பாதிக் காரணம் தைராய்டு இல்லாத உடம்பில் கொழுப்பு மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனது. தசையில் சேதம் இருந்ததால் அதை நிறுத்தி வைத்திருந்தோம். மூன்றாம் மாதம் பார்த்தால், அந்த மாத்திரை இல்லாமலேயே கொழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது! பிரஷர் மாத்திரை இரண்டு ஒன்றானது. கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்ள வேண்டுமென்றால் தைராய்டு ஹார்மோன் வேண்டும். ரத்தக் குழாய் இளகவும் அது வேண்டும். பாடத்தில் ஒரு வரியாகப் படித்ததை ஒரு மனித உடம்பு நம் முன்னால் செய்து காட்டும்போது வருகிற பரவசம் இருக்கிறதே, சம்பளத்தில் அது சேராது.

ஆனால் கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களானால், நீங்களும் பாஷா பாயைப் போலத்தான்.

அவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "அப்ப சுகரு மாத்திரையையும் நிறுத்திடலாங்களா டாக்டரம்மா? எல்லாம் தைராய்டாலதான?"

சர்க்கரை குறையவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது. பசி திரும்பி வந்திருந்தது, அணைந்த அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது, உடம்பில் தேங்கியிருந்த இன்சுலினும் முன்பைவிட வேகமாகக் கரைந்தது. எடையில் சில கிலோ போயிருந்தது. போனது பெரும்பாலும் நீர். தொப்பை அப்படியே இருந்தது.

"இல்லீங்க பாய்" என்றேன். "உங்களுக்கு ரெண்டு நோய் இருந்துச்சு. ஒண்ணு இன்னொண்ணைக் கெடுத்துச்சு. ஒண்ணைப் புடிச்சிட்டோம். இன்னொண்ணு உங்களோடதான் இருக்கு. இனிமே நடந்தா கால் வலிக்காது. அதனால இனிமேதான் நெசமாவே நடக்கணும்."

முகம் தொங்கிப்போனது. ஷமீம் பக்கத்தில் இருந்து, "நான் நடக்க வெக்கறேங்க. அதுக்கு நான் ஆச்சு" என்றார்.

ஷமீமுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. அதை முனிராஜிடம் நேராகவே சொல்லியிருந்தார். முனிராஜ் ஆஸ்பத்திரியில் வைத்து மன்னிப்புக் கேட்டபோது ஷமீம் ஏற்கவில்லை. "தண்ணி ஊத்துனது மண்டியில. நாலு பேரு பாக்க. மன்னிப்பும் அங்கதாங்க கேக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில்தான் அந்தக் கூத்து. மண்டி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒருநாள் என் அறை வாசலில் பெரிய பெரிய தொப்பைகளாக ஒரு கூட்டம். வியாபாரிகள், லாரி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். எல்லோருக்கும் முன்னால் முனிராஜ். "எங்களுக்கும் தைராய்டா இருக்குமுங்க மேடம். செக் பண்ணிடுங்க."

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா! கூப்பிட்டாலும் வராத ஆண்கள், தானாக வந்து கையை நீட்டுகிறார்கள். ஒருவரை ஒருவர் நெட்டித் தள்ளிக்கொண்டு. இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்த்தோம். முக்கால்வாசிப் பேருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம். தைராய்டு எல்லோருக்கும் சரியாக இருந்தது, முனிராஜைத் தவிர. அவருக்கு டி.எஸ்.எச். கொஞ்சமே கொஞ்சம் ஏறியிருந்தது. ஹார்மோன் சரியாகவே இருந்தது.

முனிராஜுக்குக் கொண்டாட்டம். "பாத்தியா, நான் சொன்னேன்ல! என் தொப்பை சாப்பாட்டால வந்ததில்ல!" என்று கூட வந்தவர்களிடம் காட்டினார். "மாத்திரை எழுதுங்க மேடம்."

"எழுத மாட்டேன்" என்றேன்.

"பாய்க்கு எழுதுனீங்களே?"

"பாய்க்குத் தைராய்டு படுத்துடுச்சு, அதனால உடம்பு கெட்டுது. உங்களுக்கு உடம்பு பெருத்துடுச்சு, அதனால தைராய்டு லேசாத் தடுமாறுது. எடையைக் கொறைங்க. மறுபடி பாக்கலாம்."

அவருக்குப் பெரிய ஏமாற்றம். பின்னாளில் எடை குறைத்துக்கொண்டு வந்தார், டி.எஸ்.எச். தானாகச் சரியாகியிருந்தது. மாத்திரையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். மாத்திரையால் சரியானது என்று நானும் நினைத்திருப்பேன். ஆயுள் முழுக்க விழுங்கிக்கொண்டு அவரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். தைராய்டுக்கும் தொப்பைக்கும் நடுவில் இருக்கிற பாதையில் வண்டி இரண்டு பக்கமும் ஓடுகிறது. உங்கள் முன்னால் நிற்பவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும். கை வலிக்கிறது என்று சொன்னவரே, யோசிப்பதற்கு இருப்பது இதுதான்.

பாஷா பாய் வேலைக்குத் திரும்பிய நாளில் ஷமீம் என்னை விடாப்பிடியாக மண்டிக்கு அழைத்துப் போனார். அதுவரை நான் தக்காளி ஏலம் பார்த்ததே இல்லை. விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கே பார்த்தாலும் சிவப்பு. முனிராஜ் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். கூட்டம் அடங்கியது.

"பாஷா பாய் குடிச்சிட்டு வந்தாருன்னு இங்க நான்தான் சொன்னேன். தண்ணி ஊத்தச் சொன்னதும் நான்தான். அவரு குடிக்கல. அவருக்குச் சீக்கு. எனக்குத் தெரியல, தப்புப் பண்ணிட்டேன். எல்லாரு முன்னாலயும் சொல்றேன், மன்னிச்சுக்கங்க பாய். நீங்களும் மன்னிச்சுக்கங்கம்மா."

ஷமீம் ஒரு தடவை தலையை அசைத்தார். அவ்வளவுதான். ஆனால் என் தோளை அவர் பிடித்திருந்த பிடி தளர்ந்ததை நான் உணர்ந்தேன்.

முனிராஜ் இறங்க, பாஷா பாய் ஏறினார். தொண்டையைச் செருமினார். முதல் விலையைச் சொன்னார். அப்புறம் என் காதில் விழுந்ததை எப்படி எழுத? எண்கள் ஒன்றையொன்று துரத்தின. தமிழில் தொடங்கி கன்னடத்தில் வளைந்து தெலுங்கில் முடிந்தன. யார் கேட்டார்கள், யார் ஏற்றினார்கள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வியாபாரிகள் சிரித்துக்கொண்டே விரல் காட்டினார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நடுவில் அவர் என்னைப் பார்த்தார். நானும் சந்தோஷம் தாங்காமல் கையைத் தூக்கி ஆட்டினேன்.

"டாக்டரம்மா! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!"

கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு ஆட்கள் அடுக்கடுக்காகக் கிரேட்டுகளைக் கொண்டுவந்து என் காலடியில் இறக்கத் தொடங்கினார்கள். ஏலத்தில் கையைத் தூக்கினால் அந்த விலைக்குச் சரக்கை வாங்கிக்கொண்டதாக அர்த்தம் என்று ஷமீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு விளக்கினார். பாஷா பாய் அதற்குள் அடுத்த விலைக்குப் போய்விட்டார்.

அங்கிருந்தே நிவேதாவுக்குப் போன் செய்தேன்.

"பாய் குரல் எப்படி இருக்கு மேடம்?" என்றார் எடுத்தவுடன்.

"குரலா? அத விடுங்க. நர்ஸுங்க குவார்ட்டர்ஸையும் சேத்து ஆஸ்பத்திரியில மொத்தம் எத்தன வூட்ல அடுப்பு எரியுது? உடனே விசாரிச்சுச் சொல்லுங்க, வூட்டுக்கு ஒரு கிரேட்டு தக்காளி வருது."